முப்பது வெற்றிச்செல்விகள்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலையிலும் வெற்றிச்செல்வியின் டூத் பிரஷ் ஈரமாக இருந்தது.

போன வாரம் இதே பிரஷுக்காக அவள் போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். "கூடப் பொறந்தவன் வாயில வெச்சா என்னடி ஆயிடும்?" என்று அம்மா குஞ்சம்மாள் அன்றைக்குக் கேட்டாள். அண்ணன் சக்தி சிரித்துக்கொண்டே வாயைக் கொப்பளித்தான். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குரும்பலூரில் இருக்கும் இந்த வீட்டில் யாருக்கும் தனியாக எதுவும் கிடையாது. துண்டு பொது, சீப்பு பொது, செருப்பு பொது. பாஸ்வேர்டும் பொது.

அந்தப் பாஸ்வேர்டு தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். செத்துப்போன தாத்தா மதுரைவீரனின் பெயர், கூடவே வீட்டு எண். வைஃபைக்கு அதுதான், கேஸ் புக்கிங்குக்கு அதுதான், அப்பா ராஜாவின் பேங்க் கணக்குக்கும் அதுதான். அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தை ஓட்டிய மனிதர் அந்தத் தாத்தா. அவர் பெயரைத் தினமும் நாலு தடவை தட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று இந்தக் குடும்பம் நினைக்கிறது. மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பூட்டு என்று நினைத்ததுதான் தப்பு.

இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லாருடைய கணக்குக்கும் கொடுத்திருப்பது ஒரே நம்பர், ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் அம்மாவின் ஃபோன் நம்பர். ஓடிபி வந்தால் குஞ்சம்மாள் அடுப்படியிலிருந்தே கூவிப் படிப்பாள். அதற்காகவே இங்கிலீஷ் எண்களைக் கற்றுக்கொண்டவள். யாருக்கு, எதற்கு என்று கேட்க மாட்டாள். பசி என்று வந்தவனுக்குச் சோறு போடுகிற மாதிரி, கேட்டவருக்குப் படித்துச் சொல்வாள். வெளியூரில் இருந்தால் ஃபோனில் சொல்வாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

வெற்றிச்செல்வி பிரஷைக் குப்பையில் போட்டுவிட்டு, விரலில் பேஸ்ட்டைத் தடவிப் பல் தேய்த்தாள். அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து சுகன்யா மேரி.

சுகன்யா மேரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பேங்க்கில் வேலை. ஃபோன் திரையில் இருப்பதைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும் 'செவிவழி' என்ற இலவச மென்பொருளில் தமிழ்ப் பகுதி அவள் பொறுப்பு. அது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் அதில் ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம். சுகன்யா பார்த்துச் சேர்த்துவிட்டால் பார்வையில்லாத எத்தனையோ பேருடைய ஃபோன்களுக்கு அது போய்ச் சேரும்.

பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வெற்றிச்செல்வி, இரண்டு வருஷமாக வேலை முடிந்து வந்து இதற்குத்தான் உட்காருகிறாள். கூலி கிடையாது. திங்கட்கிழமை முதல் அவளும் சுகன்யாவோடு சேர்ந்து பொறுப்பாளர் ஆகப்போகிறாள். அந்த வீட்டில் அவளுக்கென்று, அவளே சம்பாதித்து வைத்திருந்தது இந்த ஒரு நல்ல பெயர்தான்.

"வெற்றி, நிதானமா கேளு. புதன்கிழமை நீ ஒரு திருத்தம் அனுப்பினியா? புள்ளியை எடுத்துடற திருத்தம்."

"இல்லக்கா. இந்த வாரம் நான் எதுவுமே அனுப்பல."

"உன் கணக்குலேருந்துதான் வந்துச்சு. உன் பேரா இருக்கவும் நானும் சோதிச்சுப் பாக்காம சேத்துட்டேன். அந்தத் தப்பு என்னுது. நேத்து என் ஃபோன் ஒரு மருந்துச் சீட்டைப் படிச்சுது. சைபர் புள்ளி அஞ்சு மில்லின்னு எழுதியிருக்கு. அது அஞ்சு மில்லின்னு படிக்குது."

மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அரை மில்லி என்றால் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. ஐந்து மில்லி என்றால் ஒரு ஸ்பூன். ஐம்பது என்று படித்திருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். ஒரு ஸ்பூன் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

"ராத்திரியே அந்தத் திருத்தத்தை எடுத்துட்டேன். கைக்கொழந்தை இருக்கறவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். வரதராஜன்பேட்டை பிலவேந்திரன் மட்டும் ஃபோனை எடுக்கல. அவருக்கும் பார்வை கெடையாது, அவர் சம்சாரத்துக்கும் கெடையாது. எட்டு மாசப் பொம்பளப் புள்ள இருக்கு."

"அக்கா..."

"உன் கணக்குக்குள்ள உன்னைத் தவிர யாரோ இருக்காங்க வெற்றி. சாயங்காலத்துக்குள்ள பழைய சாவி எல்லாத்தையும் அழிச்சுடு. புதுசா ஒண்ணு போடு, உனக்கு மட்டும் தெரிஞ்ச சொல்லை வெச்சுப் பூட்டு. யார் பண்ணினதுன்னு எனக்கு எழுதி அனுப்பு. இல்லன்னா உன் கணக்கை நானே முடக்கணும். ரெண்டு வருஷமா நீ செஞ்சதெல்லாம் சந்தேகத்துல போயிடும்."

சாவி என்று அவள் சொன்னது ஒரு சின்னக் கோப்பு. ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தால் போதும், பாஸ்வேர்டு கேட்காமலே அந்தச் சாவிக்குரியவர் பெயரில் திருத்தம் அனுப்பலாம். வெற்றிச்செல்வி லேப்டாப்பைத் திறந்து கணக்கைப் பார்த்தாள். இரண்டு சாவி இருந்தது. ஒன்றுதான் அவள் போட்டது.

அடுப்படிக்குப் போனாள். "அம்மா, என் கணக்குக்குன்னு யாராவது நம்பர் கேட்டாங்களா?"

"அண்ணன் கேட்டான்." குஞ்சம்மாள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள். "மூணு வாரம் இருக்கும். காலேஜ்லேருந்து கூப்பிட்டு, வெற்றி கணக்குக்கு ஒரு நம்பர் வரும், படிம்மான்னான். ஒரு தப்பு இல்லாம படிச்சேன்."

"எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"உன்னுது அவன்துன்னு என்னடி பேச்சு. நம்ம வூட்டுக்குள்ள என்ன ரகசியம்?"

வாசலில் கரும்பு லாரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜா உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதையும் மாத்தாத பாப்பா. மூத்தவன். காரணம் இல்லாம செய்ய மாட்டான்."

விடியற்காலையிலேயே காலேஜுக்குக் கிளம்பிப் போயிருந்த சக்திக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. அம்மாவின் ஃபோன் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. அதை எடுத்து, வருகிற எண்ணைத் தட்டி, அந்த இரண்டாவது சாவியை அங்கேயே அழித்திருக்கலாம். பல் தேய்த்து முடிக்கிற நேரம் கூட ஆகியிருக்காது. அவள் செய்யவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்குக் கிளம்பினாள். அண்ணன் வாயால் கேட்க வேண்டுமாம். மூத்தவனைக் கேட்காமல் செய்தால் அவமரியாதையாம். திருடினவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பூட்டை மாற்றலாம் என்று இந்தக் குடும்பத்துப் பெண்ணைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? எனக்கு அவள் மேல் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

பெரம்பலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே போனாள். வழியெல்லாம் பிலவேந்திரன் என்ற பெயர்தான் மனதில் ஓடியது. முகம் தெரியாத மனிதர். 'செவிவழி' வாரத்தின் நாட்களைச் சரியாகப் படிக்கத் தொடங்கியபோது, அதைப் பயன்படுத்துகிறவர்களின் குழுவில் நன்றி சொல்லி அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் அவள் ஃபோனில் இருக்கிறது. பின்னணியில் ஒரு குழந்தை சிணுங்கும்.

* * *

சக்தி விரிவுரையாளராக இருக்கும் தனியார் கல்லூரி அரியலூரைத் தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கோட் போட்டு, கை கட்டி, சக்தி நின்றான். அவன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'டீம் வெற்றிச்செல்வி'. அதன் கீழே, 'எங்கள் துறையின் ஓப்பன் சோர்ஸ் சாதனை'.

வெற்றிச்செல்வி அதன் முன்னால் நின்று தன் பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் மாணவிகள். ஏசி ஓடாத அறையில் பழைய கார்ப்பெட் ஈர நாற்றம் அடித்தது. சக்தியைக் காணவில்லை. கதவோரம் இருந்த பெண் எழுந்து வந்தாள்.

"யாரைப் பாக்கணும் மேம்?"

"சக்தி சாரை. நான் அவர் தங்கச்சி. வெற்றிச்செல்வி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "உங்க பேரும் வெற்றிச்செல்வியா மேம்? எங்க டீம் பேரும் அதுதான். நாங்க முப்பது பேருமே வெற்றிச்செல்விதான்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள், வெள்ளந்தியான சிரிப்பு. "நான் முத்தமிழ், மேம்."

"டீம் பேரா?"

"ஆமா மேம். சார்தான் வெச்சார். எங்க பேருல அனுப்பினா அவங்க ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிடறாங்க. இந்தப் பேருல அனுப்பினா உடனே எடுத்துக்கறாங்க. சார் அந்தச் சாவியை எல்லா சிஸ்டத்துலயும் போட்டுக் குடுத்திருக்கார். இங்க பாருங்க."

திரையில் இருந்தது. 'வெற்றி சாவி' என்றே பெயர் வைத்திருந்தான். அடுத்த திரையிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறாராம் சார், ஹாஸ்டலில் இருந்து செய்வதற்கு வசதியாக. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டாம்.

அவளுக்குக் காலையில் குப்பையில் போட்ட பிரஷ் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வாய் இல்லை, முப்பது வாய்க்குள் போய்விட்டு வந்த பிரஷ். அதை இவள் மூன்று வாரமாகத் தெரியாமல் தன் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"புள்ளியை எடுக்கற திருத்தம் யார் பண்ணினது?"

"நான்தான் மேம்." முத்தமிழ் பெருமையோடு சொன்னாள். "மி.லி., கி.மீ. இதையெல்லாம் நடுவுல நிறுத்தி நிறுத்திப் படிச்சுது. புள்ளியைத் தூக்கிட்டேன், சரளமா படிக்குது. இந்த வாரத்துக்குள்ள ஆளுக்கு ஒண்ணு அனுப்பியே ஆகணும்னு சார் சொல்லியிருந்தார்."

"எண்ணுக்கு நடுவுல வர்ற புள்ளி?"

முத்தமிழின் முகத்தில் பெருமை மெல்ல வடிந்தது. கெட்டிக்காரப் பெண், சட்டென்று புரிந்துகொண்டாள். "அதுவும் போயிருக்குமா மேம்? சோதிச்சுப் பாக்கணும்னு யாரும் சொல்லல. தப்பாயிடுச்சா?"

வெற்றிச்செல்வியால் அவளைத் திட்ட முடியவில்லை. பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சக்தியின் குரல் கேட்டது.

"அட, பாப்பா. நீ எங்க இங்க?"

* * *

லேபுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடந்த வராந்தாவுக்கு அவளை அழைத்துப் போனான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துச் சீட்டு, அரை மில்லி, ஐந்து மில்லி, ஃபோனை எடுக்காத பிலவேந்திரன். சக்தி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கும்போதே இரண்டு தடவை வாட்சைப் பார்த்தான்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"தெரியலண்ணே. அவர் ஃபோன் எடுக்கல."

"அப்ப ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனிதன் கூசாமல் சொல்ல முடியும் என்று அவள் நினைத்ததில்லை. அதைச் சொன்னது தன்னை முதுகில் சுமந்து குரும்பலூர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட அண்ணன் என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

"இத பாரு," என்று சக்தி குரலைத் தணித்தான். "திங்கக்கிழமை ஆய்வுக் குழு வருது. துறை என்ன செஞ்சுதுன்னு அவங்க முன்னாடி லேப்ல காட்டணும். அது நல்லபடியா போனா என்னை நிரந்தரமாக்குவாங்க. இல்லன்னா அடுத்த வருஷம் வீட்டுல உக்காரணும். திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்தச் சாவியை விட்டுடு. அப்புறம் நீ என்ன வேணா பூட்டிக்க."

"அதுக்குள்ள இந்த முப்பது பேர்ல யாரு என்ன அனுப்புவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு. புள்ளி விஷயத்தை நீதான் தெரியாம பண்ணிட்டேன்னு அந்தம்மாவுக்கு எழுதிடு. உன் மேல நல்ல பேரு இருக்கு. மன்னிச்சுடுவாங்க."

வெற்றிச்செல்வி அவன் வாயையே பார்த்தாள். அவன் உதட்டோரத்தில் காலையில் தேய்த்த பேஸ்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவளுடைய பேஸ்ட்.

"என் பேரை எடுத்து உபயோகிச்ச. இப்ப அதுல ஒட்டின அழுக்கையும் நானே தொடைக்கணுமா?"

"என்ன பெரிய உன் பேரு?" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டினதே நான். தாத்தா பேருல இருக்கற பூட்டு அது. அதை மாத்திட்டு அம்மாகிட்ட என்ன சொல்லுவ? நம்ம வூட்டுல பூட்டி வைக்கறதுக்கு என்னைக்கு என்ன இருந்துச்சு?"

"அன்னைக்கு இல்ல. இப்ப ஒண்ணு இருக்கு. அது என்னுது."

அவள் திரும்பி நடந்தாள். வராந்தா முனையில் ஒரு கணம் நின்று பார்த்தாள். சக்தி ஃபோனைக் காதில் வைத்திருந்தான். யாருக்குப் போடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஃபோன் குரும்பலூரில் ஒரு ஃப்ரிட்ஜ் மேல் அடிக்கும்.

கல்லூரி வாசலிலேயே, செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். செக்யூரிட்டிக்காரர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. இரண்டாவது சாவியைத் தொட்டு 'நீக்கு' என்று அழுத்தினாள். அது உறுதி செய்ய எண் கேட்டது. எண் அம்மாவின் ஃபோனுக்குப் போனது.

அம்மாவைக் கூப்பிட்டாள். பிஸி.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பிஸி. சக்திக்கு எண் கிடைத்தால் பாஸ்வேர்டை மாற்றுவான். மாற்றிவிட்டால் அவள் வெளியே, அவன் உள்ளே. இரண்டு வருஷ உழைப்பும், திங்கட்கிழமைப் பொறுப்பும், ஊர் பேர் தெரியாதவர்கள் காதில் போய் விழும் ஒவ்வொரு சொல்லும் அவன் கையில்.

அடுத்த தடவை குஞ்சம்மாள் எடுத்தாள். "என்னடி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கூப்பிடறீங்க."

"நம்பர் வந்திருக்காம்மா?"

"ரெண்டு வந்திருக்கு. அண்ணனும் கேட்டான், படிச்சுக் குடுத்துட்டேன்."

"ரெண்டையுமா?"

"அது எப்படி? நீயும் கேப்பன்னு எனக்குத் தெரியாதா? அவன் மூத்தவன், மொதல்ல வந்ததை அவனுக்குக் குடுத்தேன். அடுத்து வந்தது உனக்கு. சண்டை போட்டுக்காதீங்க."

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். முதல் தோசை சக்திக்கு, புதுப் புத்தகம் சக்திக்கு, பஸ்ஸில் ஜன்னலோரம் சக்திக்கு. மிச்சம்தான் வெற்றிச்செல்விக்கு. ஆனால் இந்த எண்களின் கணக்கு வேறு. இரண்டாவது எண் வந்த கணமே முதல் எண் செத்துப்போகும். குஞ்சம்மாளுக்கு அது தெரியாது.

"படிம்மா."

"ஃபைவ், ஃபைவ், டூ, எய்ட், ஜீரோ, சிக்ஸ்."

எண் உள்ளே போனது. முப்பது கம்ப்யூட்டரிலும் இருந்த சாவி ஒரே தட்டில் செல்லாக்காசு ஆனது. தன்னுடைய பழைய சாவியையும் அவள் அழித்தாள். ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் நம்பரைக் கணக்கிலிருந்து நீக்கினாள். இனிமேல் எண் தன் ஃபோனில் உள்ள ஒரு செயலியில் மட்டும் வரும்படி மாற்றினாள். புதுச் சாவி உருவாக்கினாள். அதற்கும் கணக்குக்கும் ஒரு புதுப் பாஸ்வேர்டு கேட்டது. விரல் தானாகவே மதுரைவீரன் என்று தட்ட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வேறு ஒன்றைத் தட்டினாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன்.

குஞ்சம்மாள் இன்னும் லைனில் இருந்தாள். "எல்லாம் ஆச்சா?"

"ஆச்சும்மா. இனிமே என் நம்பர் உனக்கு வராது."

குஞ்சம்மாள் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். "ஏன்? நான் தப்பா படிச்சனா?"

"இல்லம்மா. நல்லா படிச்ச. வெச்சுடறேன்."

சுகன்யாவுக்கு எழுதினாள்: சாவிகளை அழித்துவிட்டேன், புதியது போட்டுவிட்டேன், அந்தத் திருத்தம் என்னுடையது இல்லை. அடுத்து, செய்தது என் அண்ணன் என்று எழுதினாள். அழித்தாள். பெயரைச் சாயங்காலம் சொல்கிறேன் என்று முடித்து அனுப்பினாள். அவனே சொல்லட்டும் என்ற நப்பாசை. அண்ணன் என்ற சொல்லின் மேல் இருக்கும் மயக்கம், எத்தனை பட்டாலும் தீராத ஒரு வியாதி.

* * *

சாயங்காலம் சக்தி வந்து, யாரிடமும் பேசாமல் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ராஜா எதிரில் இருந்தார். குஞ்சம்மாள் பரிமாறினாள். வெற்றிச்செல்வி சுவரோரம் தட்டை வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உள்ளே இறங்கவில்லை.

சக்தி ரசத்தை ஊற்றிக்கொண்டான். உப்பைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான்: "புது பாஸ்வேர்டு என்ன?"

"சொல்ல மாட்டேன்."

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லியிராத வார்த்தை அது. குஞ்சம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"பாத்தீங்களாப்பா? காலேஜ்ல பசங்க முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டா. யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்களுக்காக."

"அண்ணன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்டம்மா சொல்லப் போற?" ராஜா உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தனியா எதுக்குப் பூட்டு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. தட்டின் மேல், துண்டின் மேல், எல்லாரும் மாறி மாறி வாய் வைத்துக் குடிக்கும் சொம்பின் மேல். இத்தனை வருஷம் இதைத்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அடித்தது. சுகன்யா மேரி.

வெற்றிச்செல்வி எழுந்திருக்கப் போனாள், வெளியே போய்ப் பேசலாம் என்று. பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்து ஃபோனைத் தரையில் எல்லார் தட்டுக்கும் நடுவில் வைத்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எதுக்கு இப்ப அதை?" என்றான் சக்தி.

"எல்லாரும் கேக்கட்டும்ணே. நம்ம வூட்டுக்குள்ள என்ன ரகசியம்?"

"வெற்றி," என்றது சுகன்யாவின் குரல். காலையில் இருந்த கறார் இல்லை. "பிலவேந்திரன் கெடைச்சுட்டார். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியிலேருந்து பேசினார். நேத்து ராத்திரி அவரே மருந்து ஊத்தியிருக்கார். ஒரு ஸ்பூன். காலையில எழுப்பினா புள்ள கண்ணைத் தொறக்கல."

குஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப?" வெற்றிச்செல்வியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இப்ப கொஞ்சம் அழுவுறாளாம். அழுவுறது நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம். ஆனா நாளைக்கு வரைக்கும் எதையும் சொல்ல முடியாதாம்." சுகன்யா தயங்கினாள். "அவர் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். அந்தத் திருத்தத்துல வெற்றிச்செல்வின்னு பேர் இருக்காமே, அவங்ககிட்ட நான் பேசணும்ங்கறார். பக்கத்து லைன்லதான் இருக்கார். சேத்துவிடவா?"

ராஜா மகனைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் மகனைச் சரியாகப் பார்த்தார் என்று தோன்றுகிறது. சக்தி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. விரலிடுக்கில் ரசம் வழிந்துகொண்டிருந்தது.

"வெற்றி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. சேத்து விடுங்க."

லைனில் கரகரப்புக் கேட்டது. அதற்குப் பின்னால், எங்கோ ஒரு வார்டில், ஒரு குழந்தை மெலிதாக முனகியது. "அலோ," என்றது ஒரு ஆண் குரல். "வெற்றிச்செல்விங்களா?"

வெற்றிச்செல்வி ஃபோனை எடுத்துச் சக்தியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு வாரமா நீதானே வெற்றிச்செல்வி," என்றாள். "இதுக்கும் நீயே இருண்ணே. பேசு."